தொழில் உரிமம்: கடைக்காரர்கள் கேட்டவை

சென்னையில் கடை வைக்கிறவர்களுக்கு மாநகராட்சி உரிமத்துக்கான தாள்களைத் தயார் செய்து கொடுப்பது இருபது வருடமாக என் பிழைப்பு. இந்த உரிம முறையில் எதை மாற்றலாம் என்ற பேச்சு வந்ததும் பலர் கேள்வி அனுப்பினார்கள். நான் வக்கீல் இல்லை. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி கட்டுகிறேன் சார். ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறது. அப்புறம் எதற்குத் தொழில் உரிமம்? (ஜெராக்ஸ் கடை, கொளத்தூர்)

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். தொழில் வரி உங்கள் சம்பாத்தியத்தின் மேல் போடுவது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு சொல்கிறது. 1988-இல் வைத்த உச்சவரம்பு அது. உரிமம் என்பது இடத்தைப் பற்றியது. இந்தக் கட்டடத்தில் இந்த வேலையைச் செய்தால் அக்கம்பக்கத்துக்கு ஆபத்து உண்டா என்பதுதான் அதன் கேள்வி.

1919-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டம் உரிமம் கேட்டதெல்லாம் தோல், எலும்பு, கொழுப்பு, வைக்கோல் மாதிரியான சமாச்சாரங்களுக்கு. நாற்றமும் தீயும்தான் கவலை. பிறகு பட்டியலில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஜெராக்ஸ் கடைவரை வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் பழைய சட்டங்கள் போய், எல்லா நகரங்களுக்கும் பொதுவான நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் வந்தன. பட்டியலைச் சுருக்க நல்ல வாய்ப்பு அது. என்னைக் கேட்டால், நாற்றம், தீ, இரைச்சல், உணவு இந்த நான்கிலும் சேராத கடைக்கு ஒரு பதிவு போதும். பெயர், விலாசம், கைப்பேசி எண், முடிந்தது.

வீட்டு உரிமையாளர் சம்மதக் கடிதம் தர மறுக்கிறார் அண்ணா. கடை ஓடுகிறது, உரிமம் இல்லை. என்ன செய்வது? (தையல் கடை, அம்பத்தூர்)

தம்பி, அவர் பயம் உங்கள் மேல் இல்லை. அந்த அறை இன்றைக்குக் குடியிருப்பு என்ற கணக்கில் இருக்கும். நீங்கள் உரிமம் எடுத்தால், அங்கே வியாபாரம் நடக்கிறது என்று மாநகராட்சிக்கு எழுத்தில் தெரிந்துவிடும். சொத்து வரி ஏறும், மின் கட்டணமும் மாறும் என்று நினைக்கிறார். நினைப்பதில் தப்பும் இல்லை.

போன வருடம் ஒரு பேக்கரிக்காரர் கோப்பு நான்கு மாதம் நகரவில்லை. அடுப்பு, புகைபோக்கி, தீயணைப்பான் எல்லாம் ஒழுங்காக இருந்தன. உரிமத்துக்குக் கேட்கும் சொத்து வரி ரசீது மட்டும் கட்டட உரிமையாளருடைய தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா போய் முப்பது வருடம் ஆகிறது. வாரிசுகள் ஐந்து பேர், இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அந்தக் குடும்பச் சண்டை தீர்ந்தால்தான் பன் விற்கலாம் என்றால், யார் உரிமம் எடுப்பார்கள்? அவர் ஒவ்வொரு வாரமும் வந்து அந்தப் பழுப்பு ரசீதை என் மேஜைமேல் விரித்து வைத்து, “இதில் என் தப்பு எது?” என்று கேட்பார்.

சீர்திருத்தம் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கட்சி. கட்டடத்தின் வரிப் பாக்கி, பெயர் மாற்றம், வரைபட மீறல் எல்லாம் உரிமையாளருக்கும் மாநகராட்சிக்கும் உள்ள கணக்கு. அதை வாடகைக்கு இருப்பவன் தலையில் கட்டக் கூடாது. வாடகை ஒப்பந்தமும் வாடகை செலுத்திய வங்கிப் பதிவும் போதுமென்று விதி எழுதலாம். உங்களுக்கு இப்போதைக்கு ஒரே வழி, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வரி கூடினால் எவ்வளவு உங்கள் பங்கு என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்வது. பல உரிமையாளர்கள் அதற்கு இறங்கி வருவார்கள்.

குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று சொல்கிறார்களே? (ஹார்டுவேர் கடை, வியாசர்பாடி)

இது புதிதே அல்ல. வெள்ளைக்காரன் காலத்து நகராட்சிச் சட்டத்திலேயே அப்படி ஒரு வாசகம் உண்டு. 2018-இல் வந்த தமிழ்நாடு வணிக எளிதாக்கல் சட்டமும் கால வரம்பு வைத்து அதையே சொல்கிறது. சரி, அனுமதி கிடைத்ததாகக் கொண்டு வங்கிக்குப் போங்கள். மேலாளர் தாள் கேட்பார். உங்களிடம் இருப்பது விண்ணப்ப ரசீது மட்டும். நாள் முடிந்த இரவே கணினி தானாகச் சான்றிதழை அனுப்பினால்தான் அந்த வாசகத்துக்கு உயிர் வரும்.

கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். பதிலுக்கு என்ன சேவை? (மளிகைக் கடை, பெரம்பூர்)

வரி வேறு, கட்டணம் வேறு. கட்டணம் வாங்கினால் செய்யும் வேலையோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும் என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் சென்னை மாகாணத்து அறநிலையச் சட்டம் பற்றிய வழக்குதான் அது. பின்னால் வந்த தீர்ப்புகள் அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டன, கண்காணிப்பதற்கான கட்டணம் என்றால் நேரடிச் சேவை காட்டத் தேவையில்லை என்று. ஆக, சட்டப்படி உங்கள் வாதம் பலவீனம். நியாயப்படி சரி.

டெல்லியில் போலீஸ் உரிமத்தையே எடுத்துவிட்டார்களாமே, இங்கேயும் செய்யலாமே? (லாட்ஜ் நடத்துபவர், எழும்பூர்)

2025 ஜூனில் ஓட்டல், விருந்தினர் விடுதி, நீச்சல் குளம் உட்பட ஏழு வகைத் தொழில்களில் டெல்லி போலீஸின் உரிம அதிகாரத்தை விலக்கி, உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஒரே கட்டடத்தை மூன்று துறை தனித்தனியாக வந்து பார்ப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஆனால் 1997-இல் அதே டெல்லியில் உபஹார் தியேட்டர் தீயில் 59 பேர் இறந்தார்கள். அந்தத் தியேட்டருக்கு உரிமம் கொடுத்ததும் போலீஸ்தான். தாள் இருந்தது, வெளியேற வழி இல்லை. கையெழுத்துகளைக் குறையுங்கள், ஆய்வைக் குறைக்காதீர்கள்.

நீங்கள் கடைக்காரர் பக்கமே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்து வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு லேத் ஓடுகிறது. (குடியிருப்பவர், திருவொற்றியூர்)

அம்மா, உங்கள் கேள்வி நியாயம். ஜெராக்ஸ் கடையைச் சுற்றும் ஆய்வாளருக்கு உங்கள் தெருவுக்கு வர நேரமில்லை, அதனால்தான் பட்டியலைச் சுருக்கச் சொல்கிறேன். புகாரில் “தொல்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த மோட்டார், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, ஒரு வாரத்துக்குத் தேதியோடு எழுதுங்கள். “உரிமம் உண்டா, எந்தத் தொழிலுக்கு?” என்று தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனு போடுங்கள்.

தள்ளுவண்டிக்கும் இந்த உரிமம்தானா? (சுண்டல் வியாபாரி, மெரினா)

இல்லை. உங்களுக்கு 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் தனியாக இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. தெரு வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதம் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். குழுவில் உங்கள் பக்கத்து ஆள் யார் என்று முதலில் விசாரியுங்கள்.

வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறேன். எங்கே ஆரம்பிப்பது? (வேளச்சேரி)

உணவுப் பாதுகாப்புப் பதிவிலிருந்து. சிறிய அளவுக்குப் பதிவு, பெரிய அளவுக்கு உரிமம் என்று அங்கே ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறார்கள், மாநகராட்சி காப்பியடிக்க வேண்டியதும் அதைத்தான். பதிவு எண் வந்ததும் பாட்டில் லேபிளில் அச்சடித்துவிடுங்கள். லேபிளை மொத்தமாக அடிப்பதற்கு முன்னால் பதிவு எண்ணின் இலக்கங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள், பதினான்கு இருக்க வேண்டும். ஒரு அக்கா பதின்மூன்றோடு இரண்டாயிரம் லேபிள் அடித்துவிட்டு என்னிடம் வந்தார்.