தலைக்கு மேல் வரும் விமானம்

வணக்கம்.

சோதனைப் பறத்தல் பற்றிய கட்டுரையில், டிஷ் ஆன்டெனா வைத்த ஒரு வண்டி ஓடுபாதையை விட்டு வெகுவாகத் தள்ளி நிற்கும் என்று எழுதியிருந்தீர்கள். விமானத்திலேயே ரெக்கார்டர் இருக்கிறது, ஜிபிஎஸ்ஸும் இருக்கிறது. அந்த வண்டி எதற்கு? அதுவும் ஏன் தள்ளி?

கே.

அன்புள்ள கே.,

ரெக்கார்டரில் இருப்பது தரையிறங்கிய பிறகுதான் கைக்கு வரும். ஃபிளட்டர், அதாவது வேகத்தில் இறக்கை தானே படபடத்து அதிர்வதைப் பார்க்கும் சோதனையில் அதுவரை பொறுக்க முடியாது. விமானம் பறக்கும்போதே ரேடியோவில் அனுப்பும் அளவீடுகளை (இதுதான் டெலிமெட்ரி) வாங்கித் தருவது அந்த வண்டியின் டிஷ். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் இறக்கையை வேண்டுமென்றே அதிரவைப்பார்கள். அதிர்வு அடங்குகிறதா என்று தரையில் ஒருவர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்ப்பார். அடங்கத் தாமதமானால் அடுத்த படி கிடையாது. அடங்காமல் வளர்ந்தால் சில நொடிகளில் இறக்கையே முறியலாம்.

டிஷ்ஷை விமானத்தின் பக்கம் திருப்ப ஜிபிஎஸ் உதவும்தான். ஆனால் விமானம் தன் இடத்தைச் சொல்வது பெரும்பாலும் அதே டெலிமெட்ரி சிக்னலில். சிக்னல் விட்டுப்போனால் இடமும் போச்சு! ஆகவே டிஷ், சிக்னல் எந்தப் பக்கம் வலுக்கிறது என்று பார்த்துத் தானே திரும்புகிறது. 2.4 மீட்டர் டிஷ்ஷுக்கு 2.2 கிகாஹெர்ட்ஸில் பார்வை அகலம் சுமார் 4 டிகிரிதான். வண்டியின் ஜாக்கி ஒன்று ஈர மண்ணில் இறங்கி 2, 3 டிகிரி சாய்ந்தாலே, கணக்குப் போட்டுத் திருப்பிய டிஷ் விமானத்துக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

சக்கரம் வைத்ததற்குக் காரணம் பூமியின் வளைவு. 10,000 மீட்டரில் பறப்பது 400 கிலோமீட்டர் தாண்டியும் ரேடியோவுக்குத் தெரியும். 100 மீட்டருக்கு இறங்கினால் 40 கிலோமீட்டரிலேயே மறைந்துவிடும். தாழப் பறக்கும் சோதனைக்கு வண்டிதான் அங்கே போயாக வேண்டும்.

தூரம்தான் தொல்லை என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையில் படுத்துவது நெருக்கம். 1,000 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் விமானம் தலைக்கு நேர் மேலே கடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண டிஷ் நேர் மேல் வரைதான் அண்ணாரும்; அதனால் கிழக்கே அண்ணாந்து பார்த்த டிஷ், கண்ணிமைக்கும் நேரத்தில் மேற்கே 180 டிகிரி சுழல வேண்டும். எந்த மோட்டாரும் அவ்வளவு வேகமாகச் சுற்றாது. டிஷ்ஷை அண்ணாந்த நிலைக்கும் அப்பால் பின்னுக்குச் சாய்க்கவும், குறுக்கே மூன்றாவது அச்சு சேர்க்கவும் வழியுண்டு. ஆனால் எடை கூடும், விலையும் கூடும்.

அந்தச் செலவில்லாமல் சமாளிக்கத்தான், விமானம் வரும் கோட்டுக்கு நேர் கீழே இல்லாமல் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி நிறுத்துகிறார்கள்.