100 ஆக்டேன் ஊற்றினால் டர்போ கார் சீறுமா?

போச்சம்பள்ளி அருகே மாங்கூழ் ஆலையில் பணிபுரியும் வாசகர் ஒருவர், பெங்களூருவில் 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறார். “இதற்கு 100 ஆக்டேன்தான் ஊற்ற வேண்டும்” என்று சொல்லித்தான் விற்றார்களாம். கிருஷ்ணகிரி பங்க்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலையே அவர் ஊற்றிவருகிறார். விடிகாலையில் சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறும்போது நன்றாக இழுக்கும் வண்டி, சித்திரை வெயிலில் நான்கு பேருடன் சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது சோர்ந்துவிடுகிறது. பெட்ரோலை மாற்றினால் பழைய வேகம் திரும்புமா என்று கேட்கிறார்.

ஓரளவு திரும்பலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது விற்றவர் சொன்ன அந்த ஒரு வரிதான். கார்த் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் குடும்ப செடானுக்கு 100 ஆக்டேன் கட்டாயம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். யாரோ இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வின் மென்பொருளை மாற்றி எழுதி, அதாவது ‘ரீமேப்’ செய்து, ஓட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பெட்ரோல் என்று முடிவு செய்ய முடியாது.

ஆக்டேன் எண் சக்தியைக் காட்டும் எண் என்பது பரவலான தவறு. 100 ஆக்டேன் பெட்ரோல் எரிந்தால் லிட்டருக்குக் கூடுதல் வெப்பம் வந்துவிடாது. அழுத்தமும் சூடும் ஏறும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. டர்போ இன்ஜினில் இது பெரிய விஷயம். டர்போ காற்றை அழுத்தித் திணிக்கிறது. அழுத்தினால் காற்று சூடாகும். இன்டர்கூலர் அந்தச் சூட்டைக் குறைத்தாலும், வெளிக்காற்றே 40 டிகிரியில் இருந்தால் அதனால் என்ன செய்ய முடியும்? பிளக் பற்றவைத்த தீ சிலிண்டரின் மூலைக்குப் போய்ச் சேரும் முன்பே அங்குள்ள கலவை தானாக வெடித்தால் அதுதான் ‘நாக்கிங்’. பிஸ்டனையே உடைக்கக்கூடிய அடி அது.

இன்றைய இன்ஜின்களில் நாக் சென்சார் அந்த அடியைக் கேட்டவுடன் ஈ.சி.யூ. தீப்பொறியைத் தாமதப்படுத்தும், தேவைப்பட்டால் டர்போ அழுத்தத்தையும் குறைக்கும். சக்தி குறைவது இங்கேதான். தொப்பூரில் நீங்கள் உணர்ந்த சோர்வில் பெரும்பகுதி, இன்ஜின் தன்னைக் காத்துக்கொண்டதால் வந்தது. நல்ல ஆக்டேன் ஊற்றினால் அந்தப் பின்வாங்கல் குறையும். ஆனால் மென்பொருள் எந்த அளவுக்கு எழுதப்பட்டிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு குதிரைத்திறன்கூட வராது. 91 ஆக்டேனுக்கு எழுதிய இன்ஜினில் 100 ஊற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

எரிபொருளும் டர்போவும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு 1988 ஃபார்முலா 1 பருவத்தைப் பார்க்கலாம். டர்போ அழுத்தத்துக்கு 2.5 பார், பந்தயத்துக்கு 150 லிட்டர், ஆக்டேனுக்கு 102 என்று விதிகள் இறுக்கியிருந்தன. ஹோண்டாவின் 1.5 லிட்டர் இன்ஜின் 84 சதவீதம் டொலுயீனும் 16 சதவீதம் ஹெப்டேனும் கலந்த எரிபொருளில் ஏறத்தாழ 685 குதிரைத்திறன் தந்தது. ஹெப்டேனின் ஆக்டேன் எண் பூஜ்யம்! டொலுயீனின் எண்ணை விதிக்குள் இறக்குவதற்கு அது தேவைப்பட்டது. டொலுயீன் அடர்த்தியானது; ஒரு லிட்டரில் அதிக ஆற்றல் அடங்கும். மெக்லாரன் 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. இதைப் படித்துவிட்டு, டொலுயீன் இருக்கிறதே என்று பெயின்ட் கடைத் தின்னரை டேங்கில் ஊற்றிவிடாதீர்கள். டொலுயீன் எளிதில் ஆவியாகாது என்பதால் ஹோண்டா எரிபொருளைச் சூடாக்கித்தான் செலுத்தியது. உங்கள் ரப்பர் குழாய்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

நம் பங்க்குக்கு வருவோம். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் தரநிர்ணயம் 95 ஆக்டேன். முன்பு 91 ஆக இருந்தது. எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் குறைவு, அதனால் மைலேஜ் குறையும். ஆனால் எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சும். நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ இன்ஜினில் இது நாக்கிங்கைத் தள்ளிப்போடும். எனவே, மைலேஜ் குறைந்தது என்ற புகாரை நம்புகிறேன். பிக்கப் போய்விட்டது என்பதை அவ்வளவாக நம்புவதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: இ20-க்குக் கூடுதல் எரிபொருள் பீய்ச்ச வேண்டும். ரீமேப் செய்த வண்டியில் உயரழுத்த பம்ப் ஏற்கெனவே எல்லையைத் தொட்டிருந்தால், அந்தக் கூடுதல் அளவுக்கு இடமிருக்காது. உங்கள் வண்டி இ20-க்கு ஏற்றதா என்பதைக் கையேட்டிலும் பெட்ரோல் மூடியின் உட்பக்கத்திலும் பாருங்கள்.

ஆகவே முதலில் பெங்களூருவிலோ கோயம்புத்தூரிலோ இன்ஜின் மென்பொருளை மாற்றியமைக்கும் நம்பகமான ட்யூனரிடம் ஈ.சி.யூ.வைப் படிக்கச் சொல்லுங்கள். மென்பொருள் மாற்றப்பட்டிருந்தால், 95-க்கு எழுதிய மேப்புக்கோ (மென்பொருள் அமைப்புக்கோ) பழைய மேப்புக்கோ மாற்றிவிடுங்கள். சில குதிரைத்திறன் போனால் போகட்டும். 100 ஆக்டேன் பெருநகரங்களில் கிடைக்கும். விலை சாதாரண பெட்ரோலைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல். பாதி இரவில் காவேரிப்பட்டணத்தில் டேங்க் காலியானால் கிடைப்பதைத்தான் ஊற்றப்போகிறீர்கள். மேப் மாற்றும்வரை எக்ஸ்பி 100 அல்லது ஸ்பீடு 97 என்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் கிடைத்தால் ஊற்றுங்கள். கிடைக்காதபோது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்காதீர்கள். பாதி டேங்க் 95, பாதி 100 கலந்தால் ஏறத்தாழ 97, 98 வரும். அமெரிக்க ட்யூனர்கள் எழுதும் ‘93 ஆக்டேன்’ வேறு கணக்கு. அது நம் கணக்கில் 98-ஐ ஒட்டியது.

மேப் மாறவில்லை என்று தெரிந்தால் மலிவான சோதனை ஒன்று செய்யலாம். வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரில் தீப்பொறித் தாமதத்தையும் உட்காற்றின் வெப்பத்தையும் பதிவு செய்யுங்கள். சாதாரண பெட்ரோலில் ஒரு முறை. டேங்கைக் காலியாக்கி உயர் ஆக்டேன் நிரப்பி, அதே நேரத்தில், அதே ஏற்றத்தில் இன்னொரு முறை. தாமதம் குறைந்தால் காசு கொடுத்ததற்குப் பலன் உண்டு. தொப்பூரை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே லாரிகளுக்கு நடுவே ஸ்கேனரைப் பார்ப்பது பைத்தியக்காரத்தனம். முழு வேகச் சோதனைக்கு, வண்டியை உருளைமேல் நிறுத்திச் சக்தியை அளக்கும் டைனோ இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் இருக்கிறது.

பெட்ரோல் தீர்க்காத ஒரு சிக்கலும் உண்டு. ஏற்றத்தில் உயர் கியரில், குறைந்த சுழற்சியில் முழுதாக மிதித்தால் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளலாம். இதில் ஆக்டேனைவிட இன்ஜின் ஆயிலின் பங்கு பெரிது, இன்ஜின் ஆயிலுக்கான ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற அமெரிக்கத் தரத்துக்கான சோதனைகளில் இந்தப் பாதுகாப்பும் அடக்கம். அந்தத் தரமும், வண்டித் தயாரிப்பாளரின் ஒப்புதலும் உள்ள ஆயிலைப் போடுங்கள். கணவாய் தொடங்கும் முன்பே ஒரு கியர் இறக்கிவிடுங்கள்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்? ‘5 புள்ளி கூடும்’ என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 0.5 ஆக்டேன்தான். வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் இன்டர்கூலரின் முகப்பில் படிந்திருக்கும் தூசியைக் கழுவிவிட்டு, பிளக்குகளை ஒரு முறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.