பட்ஜெட்டில் மர லேத்: எடையையும் ஸ்பிண்டிலையும் பாருங்கள்

சிறிய மர லேத் (மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் இயந்திரம்) வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே சேர்த்து எடுத்திருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் பொழுதுபோக்காகக் கடையப் போகிறவர்கள். பணத்தைப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும் என்கிறவர்கள். அதை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

8 அங்குலம், 10×18, 12×18 என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது? (மதுரை)

முதல் எண், லேத்தில் சுற்றக்கூடிய மரத்தின் அதிகபட்ச விட்டம். இரண்டாவது, கட்டையை இரண்டு பக்கமும் தாங்கும் முனைகளான இரண்டு சென்டர்களுக்கும் இடையே உள்ள நீளம். 10×18 என்றால் 10 அங்குல வட்டம் சுற்றும், 18 அங்குலக் கட்டை நிற்கும். ஆனால் உளியைத் தாங்கிப் பிடிக்கும் டூல் ரெஸ்ட்டை வைக்கும் அடிப்பாகம் கொஞ்சம் உயரத்தைத் தின்றுவிடும். அதனால் 10 அங்குல லேத்தில் 8 அங்குலக் கிண்ணம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூரிக்கட்டை, பம்பரம், பேனா, சின்னக் கிண்ணம் எல்லாவற்றுக்கும் இது தாராளம்.

அளவைவிட நான் முதலில் பார்ப்பது எடை. வார்ப்பிரும்பு பெட் (எல்லாப் பாகமும் உட்காரும் நீள அடித்தளம்) உள்ள 10 அங்குல லேத் ஏறக்குறைய 35, 40 கிலோ இருக்கும். அதே அளவு என்று சொல்லி 20 கிலோவுக்கும் கீழே ஒன்று விற்றால், பெட் குழாயாகவோ தகடாகவோ இருக்கும்.

நான் முதலில் வாங்கியது அப்படிக் குழாய் பெட் வைத்த ஒன்று. 7 அங்குலப் பூவரசுத் துண்டை மாட்டி சுவிட்சைப் போட்டதும் லேத்தும் மேசையும் சேர்ந்து நகர ஆரம்பித்தன. உளி மரத்தில் உட்காராமல் தத்தித் தத்திப் போனது. மேலெல்லாம் வரி வரியாகத் தடம். உப்புத்தாளை வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தும் அந்தத் தடம் போகவில்லை. கை பழகாததுதான் காரணம் என்று பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கடைசல் பட்டறையில் அதே உளியை, கனமான லேத்தில் வைத்துப் பிடித்துப் பார்த்தேன். சீவல் நாடா மாதிரி சுருண்டு வந்தது. இந்த ஏமாற்றத்தில் எத்தனை பேர் கடைசலையே விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் எடை, எடை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஏற்கெனவே லேசான லேத் வாங்கிவிட்டவர்கள் அதைத் தடித்த பலகையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஸ்டாண்டின் அடித்தட்டில் இரண்டு மணல் மூட்டை வையுங்கள். முழுத் தீர்வு இல்லை என்றாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

ஒரு லேத்தில் ஸ்பிண்டில் மரை எம்18 (18 மி.மீ.) என்று இருக்கிறது. விலை குறைவு. வாங்கலாமா? (திருப்பூர்)

வேண்டாம். ஸ்பிண்டில் என்பது மரத்தைச் சுற்றும் தண்டு. மரத்தைப் பிடிக்கும் சக், பேஸ் பிளேட் எல்லாம் அதன் மரையில்தான் ஏறி உட்கார வேண்டும். சுலபமாகக் கிடைப்பவை இரண்டு: 1 அங்குலம் 8 டிபிஐ (ஓர் அங்குல நீளத்துக்கு எட்டு மரை), இல்லாவிட்டால் எம்33×3.5 (33 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 3.5 மி.மீ.). இந்த இரண்டில் ஒன்று இருந்தால், நாளைக்குப் பெரிய லேத்துக்கு மாறினாலும் சக் உங்களோடு வரும். ஸ்பிண்டிலின் உள்துளை எம்டி2 டேப்பர் (மோர்ஸ் எண் 2 கூம்புச் சரிவு) என்று இருக்கட்டும். எம்18-க்கு அடாப்டர் கிடைக்கும். ஆனால் அது சக்கை பேரிங்கை விட்டு வெளியே தள்ளி நிறுத்தும். தள்ளிப் போகப் போக அதிர்வு கூடும்.

இறக்குமதி லேத்தா, இங்கேயே பட்டறையில் செய்து வாங்குவதா? (பொள்ளாச்சி)

உங்களுக்குக் கோயம்புத்தூர் பக்கம்தானே? மோட்டாரும் வார்ப்பும் லேத் வேலையும் தெரிந்த ஊர். நல்ல பட்டறைக்காரர் ஒருவர் கிடைத்தால் நான் செய்து வாங்கத்தான் சொல்வேன். கனமான சி-சேனல் (சி வடிவ இரும்புச் சட்டம்) பெட், இரண்டு பில்லோ பிளாக் பேரிங் (அடிப்பீடத்தோடு வரும் பேரிங்), அரை அல்லது ஒரு எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், படிப்புல்லி, பெல்ட். இவ்வளவுதான் இயந்திரம். பத்து வருடம் கழித்து மோட்டார் எரிந்தாலும் தெருமுனையில் காயில் கட்டிக் கொடுப்பார்கள். பேரிங் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஒரே ஒரு இடத்தில்தான் கோட்டை விடுவார்கள்: ஸ்பிண்டில். கட்டில் கால் கடைகிற லேத் என்று நினைத்து, முனையில் முள் மட்டும் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் கிண்ணம் கடைய முடியாது. எனவே ஆர்டர் கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். ஷாஃப்ட் 30 மி.மீ., பேரிங் யூசிபி 206, முனையில் 1 அங்குலம் 8 டிபிஐ மரை, உள்ளே எம்டி2 துளை. மரை முடிகிற இடத்தில் உள்ள தோள் ஷாஃப்டுக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். சக் சாய்ந்து உட்காராமல் காப்பது அந்தத் தோள்தான். கையில் ஒரு சக்கை எடுத்துக்கொண்டு போய், அங்கேயே மாட்டிச் சுற்றிப் பார்த்து வாங்குங்கள்.

வேகத்தை மாற்ற, படிப்புல்லியில் பெல்ட்டைப் படி மாற்றிப் போடுவதா, திருகினால் வேகம் மாறுவதா? (சேலம்)

திருகுவது வசதி. ஆனால் மலிவு லேத்தில் முதலில் கெடுவது அந்த எலெக்ட்ரானிக் போர்டுதான், அதற்கு மாற்று கிடைப்பது பாடு. கையில் இருப்பது குறைவு என்றால் பெல்ட்டே போதும். மாற்ற ஒரு நிமிடம் ஆகும்.

எந்த வகையானாலும் மிகக் குறைந்த வேகம் என்ன என்று கேளுங்கள். கடைசல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் வர வேண்டும். 6 அங்குலக் கிண்ணத்துக்கு 1000 முதல் 1500. 10 அங்குலத்துக்கு 600 முதல் 900. இது உருண்டையான பிறகு. கோடரியால் செதுக்கிய, எடை ஒரு பக்கம் சாய்ந்த துண்டுக்கு இதைவிடக் குறைவு வேண்டும். குறைந்த வேகமே 750 என்று இருக்கும் லேத்தில் பெரிய பச்சைக் கட்டையை மாட்டுவது ஆபத்து. 500-க்குக் கீழே இறங்கினால் நல்லது.

டிரில் மெஷினை மாட்டி லேத் ஆக்கும் கிட் விற்கிறார்களே? (விழுப்புரம்)

மணி, பொத்தான் அளவுக்குச் சரி. டிரில்லின் பேரிங் பக்கவாட்டு அழுத்தத்துக்குச் செய்தது இல்லை. அவசரத்தில் சட்டென்று நிறுத்தவும் தோதுப்படாது.

டொராண்டோவில் இருக்கிறேன். அடுத்த வருடம் சென்னைக்கே திரும்புகிறோம். பழைய லேத் ஒன்றை இங்கே வாங்கிக் கொண்டுவரலாமா?

அங்கே பழைய சந்தையில் ஜெட் 1014, ரிக்கான் 70-100 மாதிரி லேத் கிடைத்தால் தயங்காதீர்கள். இரண்டும் வார்ப்பிரும்பு, 1 அங்குலம் 8 டிபிஐ, எம்டி2. சாதாரண இண்டக்ஷன் மோட்டார் என்பதால், இங்கே வந்ததும் அதைக் கழற்றிவிட்டு 230 வோல்ட் மோட்டார் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினாலும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், மோட்டாரும் சூடாகும். புல்லியின் துளை அங்குலக் கணக்கில் இருக்கும். நம் மோட்டார் ஷாஃப்ட் மி.மீ. கணக்கு. இடைவெளியை அடைக்க ஒரு புஷ் (உருளை வளையம்) கடைந்து போட வேண்டியிருக்கும்.

நாகர்கோவிலில் ஒருவர் பழைய லேத் கொடுக்கிறார். எதைச் சோதிப்பது?

பகல் வெளிச்சத்தில் போங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வெண்ணெயில் விரல் போகிற மாதிரி போக வேண்டும். மணல் அரைகிற மாதிரி விரலுக்குத் தட்டுப்பட்டால் பேரிங் போய்விட்டது. அதை மாற்றலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். அடுத்து ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு இரண்டு பக்கமும் கூர் சென்டரைப் போட்டு, டெயில்ஸ்டாக்கை (எதிர்ப்பக்கம் நகரும் தாங்கி) நகர்த்தி முனையோடு முனை கொண்டுவாருங்கள். ஊசிமுனைகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மேல்கீழாக விலகியிருந்தால் சரிசெய்வது கடினம், விட்டுவிடுங்கள். பெட்டில் உள்ள துரு தேய்த்தால் போகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

லேத்துக்கே பணம் சரியாகப் போகிறது. உளி செட் மலிவாக வாங்கிக்கொள்ளலாமா? (திருச்சி)

அப்படியானால் லேத்தை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள் என்பேன். லேத்துக்கு ஆகும் தொகையில் பாதியாவது உளி, சாணை, முகக் கவசம் (முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடித் தடுப்பு), சக் என்று தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

எட்டு உளி செட் தேவையே இல்லை. ஹை ஸ்பீட் ஸ்டீலில் மூன்று போதும்: கிண்ண உளி ஒன்று, கட்டையை உருட்டும் பெரிய குழி உளி ஒன்று, வெட்டிப் பிரிக்கும் உளி ஒன்று. சாதாரணக் கார்பன் ஸ்டீல் சாணையில் நீலம் பாய்ந்தால் கூர் நிற்காது. ஹை ஸ்பீட் ஸ்டீல் அந்தச் சூட்டைத் தாங்கும். புளியங்கட்டை கடையும்போது ஒரே கிண்ணத்துக்குள் நான்கைந்து தடவை தீட்ட வேண்டியிருக்கும். எனவே சாணை லேத்துக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: உருட்டும் பெரிய குழி உளியைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. பிடிக்குள் போகும் இடத்தில் அதன் கம்பி மெல்லியது. கிண்ணத்தில் குறுக்கு நார் வந்து அடிக்கும்போது அங்கேதான் முறியும். முறிந்த துண்டு முகத்தை நோக்கித்தான் வரும்.

வீட்டு வேப்பமரம் காற்றில் விழுந்துவிட்டது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியை நான், சேலைதான் கட்டுவேன். கடையலாமா? (தஞ்சாவூர்)

தாராளமாகக் கடையலாம் அம்மா. அந்த நேரத்துக்கு மட்டும் அரைக்கைச் சட்டையும் பேண்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள். முந்தானை, தாலிச் சங்கிலி, வளையல், தொங்கும் பின்னல், எதுவும் சுற்றும் மரத்துக்கு அருகே வரக் கூடாது. கையுறையும் கூடாது, துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். முகக் கவசமும், வேப்பந்தூளுக்கு மூக்கில் என்95 முகமூடியும் கட்டாயம்.

மரத்தை இப்போதே நீளவாட்டில் நடுவில் உள்ள நெஞ்சுப் பகுதி வழியாகப் பிளந்து, வெட்டுமுகங்களில் மெழுகு பூசி நிழலில் வையுங்கள். முழு உருளையாகக் கிடந்தால் வெடித்துவிடும். பச்சையாகவே கிண்ணத்தைத் தடிமனாகக் கடைந்து, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் விட்டு, சில மாதம் ஆறவிட்டு மறுபடி கடைந்து முடியுங்கள்.

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் மாதிரி அரக்கு வண்ணம் இந்தச் சின்ன லேத்தில் வருமா? (தென்காசி)

வரும். அதற்குப் பெரிய மோட்டார் தேவையில்லை. சுற்றுகிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால் உராயும் சூட்டிலேயே உருகி ஒட்டும். பிறகு தாழை ஓலையை மடித்து அதன் மேல் வைத்து அழுத்தினால் வண்ணம் பரவிப் பளபளப்பு ஏறும். கர்நாடகத்தில் உள்ள சென்னபட்டணத்தில் இதற்கு வெட்பாலை மரம்தான் எடுக்கிறார்கள். நார் நெருக்கமான, வெளிறிய மரத்தில் வண்ணம் தெளிவாகத் தெரியும். உங்கள் ஊரிலிருந்து அம்பாசமுத்திரம் பக்கம்தான். லேத் வாங்கும் முன்பே ஒரு நாள் போய், அனுமதி கேட்டு, ஒரு கடைசல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் குச்சியை எவ்வளவு அழுத்துகிறார் என்று பாருங்கள்.