குடியாத்தத்தின் காலி நாற்காலி: 2016–2021 சட்டமன்றம் பற்றிய கேள்வி பதில்

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். வேலூர் மாவட்டத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவன். குடியாத்தத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் என் வழக்கம். 15ஆவது சட்டமன்றத்தில் நம் பகுதி உறுப்பினர்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, 2016இல் பழைய வேலூர் மாவட்டத்தில் வென்றவர்கள் யார் யார்? போட்டித் தேர்வுக்காகக் கேட்கிறேன். (காட்பாடி மாணவி)

மொத்தம் 13 தொகுதிகள் அம்மா. அ.தி.மு.க. ஏழு இடங்களில் வென்றது: அரக்கோணம் சு. ரவி, சோளிங்கர் என்.ஜி. பார்த்திபன், கே.வி.குப்பம் ஜி. லோகநாதன், குடியாத்தம் ஜெயந்தி பத்மநாபன், வாணியம்பாடி நிலோபர் கபீல், ஆம்பூர் ஆர். பாலசுப்பிரமணி, ஜோலார்பேட்டை கே.சி. வீரமணி. தி.மு.க.வுக்கு ஆறு: காட்பாடி துரைமுருகன், வேலூர் ப. கார்த்திகேயன், அணைக்கட்டு ஏ.பி. நந்தகுமார், ராணிப்பேட்டை ஆர். காந்தி, ஆற்காடு ஜெ.எல். ஈஸ்வரப்பன், திருப்பத்தூர் அ. நல்லதம்பி.

இந்தப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போகாதீர்கள். ஐந்து ஆண்டு முடிவில் தி.மு.க. எட்டு, அ.தி.மு.க. ஐந்து என்று கணக்கு மாறிவிட்டது. அந்த எட்டிலும் ஓர் இருக்கை காலியாகக் கிடந்தது.

அமைச்சர்கள் யாராவது இருந்தார்களா? (ஜோலார்பேட்டை)

இருவர். கே.சி. வீரமணி வணிகவரித் துறை, நிலோபர் கபீல் தொழிலாளர் நலத் துறை. எதிர்வரிசையில் துரைமுருகன் எதிர்க்கட்சித் துணைத் தலைவராக இருந்தார்.

18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கத்தில் நம் மாவட்டத்தார் மூவர் என்கிறார்கள். அவர்கள் வேறு கட்சியில் சேரவில்லையே, பிறகு எப்படி அது கட்சித் தாவல் ஆகும்? (சோளிங்கர்)

உங்கள் ஐயம் நியாயமானது. உயர் நீதிமன்ற நீதிபதிகளே இதில் இரு வேறு கருத்துச் சொன்னார்கள்.

2017 பிப்ரவரி 18 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமி 122 வாக்குகள் பெற்றார். ஆகஸ்ட் 21இல் அவர் அணியும் ஓ. பன்னீர்செல்வம் அணியும் இணைந்தன. மறுநாளே டி.டி.வி. தினகரனின் ஆதரவு உறுப்பினர்கள் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சருக்கு அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18இல் பேரவைத் தலைவர் ப. தனபால் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். பார்த்திபன், ஜெயந்தி பத்மநாபன், பாலசுப்பிரமணி மூவரும் அதில் அடங்குவர்.

அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை, ஒருவர் தம் கட்சி உறுப்பினர் நிலையைத் 'தாமாக முன்வந்து கைவிட்டால்' பதவி போகும் என்கிறது. கைவிடுவதற்கு ராஜினாமாக் கடிதம் தேவையில்லை, நடத்தையிலிருந்தே அதை முடிவு செய்யலாம் என்பது பல தீர்ப்புகளில் ஏற்கப்பட்ட விளக்கம். ஆளுநரிடம் போனது அப்படிப்பட்ட நடத்தையா என்பதுதான் வழக்கு. 2018 ஜூன் 14இல் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதி நீக்கம் செல்லும் என்றார், நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவது நீதிபதியான எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25இல் செல்லும் என்று முடித்து வைத்தார்.

சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். தண்டனை மூன்று உறுப்பினர்களோடு நிற்கவில்லை, மூன்று தொகுதி மக்கள் மீதும் விழுந்தது என்பதே என் வருத்தம். வழக்கு நடக்கும்போது இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்திருந்தது. அதனால் 2017 செப்டம்பர் முதல் 2019 மே வரை 20 மாதங்கள் சோளிங்கருக்கும் ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் சட்டமன்றத்தில் குரல் இல்லை.

2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலை ரத்து செய்தார்கள். ஆனால் நாங்கள் ஏப்ரல் 18 அன்று ஓட்டுப் போட்டோமே? (ஆம்பூர் வாசகி)

போட்டீர்கள் அம்மா, ஆனால் அது சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. பணம் கைப்பற்றப்பட்டதைத் தொடர்ந்து ஏப்ரல் 16இல் ரத்தானது நாடாளுமன்றத் தேர்தல் மட்டும்தான். மக்களவைத் தேர்தலுக்கான அறிவிக்கையைக் குடியரசுத் தலைவர் வெளியிடுகிறார், அவரே அதை விலக்கிக்கொண்டார். இடைத்தேர்தல் அறிவிக்கை தேர்தல் ஆணையத்தினுடையது, அதை யாரும் தொடவில்லை. ஆகவே ஆம்பூர், குடியாத்தம் மக்கள் ஏப்ரலில் ஒரு முறையும், ஆகஸ்ட் 5இல் நாடாளுமன்றத்துக்காக இன்னொரு முறையும் சாவடிக்குப் போனார்கள். ஆம்பூரில் ஏ.சி. வில்வநாதனும் குடியாத்தத்தில் எஸ். காத்தவராயனும் தி.மு.க. சார்பில் வென்றார்கள். சோளிங்கரை ஜி. சம்பத் மூலம் அ.தி.மு.க. தக்க வைத்துக்கொண்டது.

மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது தொகுதிகளும் மாறினவா? (வாணியம்பாடி)

இல்லை. 2019 நவம்பர் 28இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிறந்தன. தொகுதி எல்லைகள் 2008 மறுவரையறையில் வகுத்தபடியே இருக்கின்றன. வேலூருக்கு ஐந்து, மற்ற இரண்டுக்கும் நான்கு நான்கு.

குடியாத்தத்தில் காத்தவராயன் இறந்த பிறகு ஏன் தேர்தல் நடத்தவில்லை? ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்று படித்திருக்கிறேனே. (குடியாத்தம், கல்லூரி மாணவர்)

தம்பி, இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல விடுங்கள்.

காத்தவராயன் 2020 பிப்ரவரி 28இல் காலமானார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151அ பிரிவுப்படி ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடக்க வேண்டும். சபையின் எஞ்சிய காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தாலோ, தேர்தல் நடத்துவது கடினம் என்று மத்திய அரசோடு கலந்து ஆணையம் சான்றளித்தாலோ விலக்கு உண்டு. இங்கே ஓராண்டுக்கு மேல் காலம் இருந்தது. ஆனால் மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. தேர்தல் நடக்கவேயில்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். ஜெயந்தி பத்மநாபன் இருந்தது ஏறக்குறைய 16 மாதம். காத்தவராயன் 9 மாதம். முதலில் 20, பிறகு 14 என 34 மாதங்கள் நாற்காலி காலி. ஐந்தாண்டில் பாதிக்கு மேல்! அதுவும் இது தனித்தொகுதி. பட்டியல் சாதி மக்களின் குரல் கட்டாயம் சபையில் ஒலிக்க வேண்டும் என்று ஒதுக்கிய இடம் அது.

இன்னும் இருக்கிறது. உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிந்த மாவட்டங்கள் என்பதால் நம்மை விட்டுவிட்டார்கள். நமக்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது, நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். ஆகவே கொரோனா காலத்தில் ஒரு குடியாத்தத்துக்காரருக்கு வார்டு உறுப்பினர் இல்லை, நகர்மன்றத் தலைவர் இல்லை, ஊராட்சித் தலைவர் இல்லை, சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. தேர்ந்தெடுத்து அனுப்பியவர் என்று சொல்ல நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே இருந்தார்.

அந்த மாதங்களில் தறி நின்றுபோன நெசவாளர்கள் என்னிடம் மனு எழுத வந்தார்கள். 'அனுப்புநர்' எழுதிவிடுவேன். 'பெறுநர்' என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். வட்டாட்சியர் என்று எழுதுவேன், ஆட்சியர் என்று எழுதுவேன். அவர்கள் அதிகாரிகள். 'உங்களுக்கு ஓட்டுப் போட்டோம், வந்து பாருங்கள்' என்று அவர்களிடம் உரிமையோடு எழுத முடியாது. அந்த ஒரு வரியை எழுத முடியாத துக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாவடிகளில் முகக்கவசமும் கையுறையும் கொடுத்து 2020 அக்டோபர், நவம்பரில் பீகாரில் பொதுத் தேர்தலே நடத்தினார்கள். குடியாத்தத்தில் ஒரு தொகுதிக்கு நடத்தியிருக்க முடியும் என்றே நான் கருதுகிறேன்.

13 பேரில் பெண்கள் எத்தனை பேர்? (அரக்கோணம்)

2016இல் இருவர். ஜெயந்தி பத்மநாபன் தகுதி நீக்கத்துக்குப் பிறகு நிலோபர் கபீல் ஒருவரே. 2021இல் குடியாத்தத்திலிருந்து வி. அமலு சென்றார்.

காமராசர் குடியாத்தத்தில் நின்றார் என்று தாத்தா சொல்கிறார். உண்மையா? (கே.வி.குப்பம், பள்ளி மாணவன்)

உண்மைதான் கண்ணா. 1954 ஏப்ரலில் அவர் முதலமைச்சர் ஆனபோது சட்டமன்ற உறுப்பினராக இல்லை. ஆறு மாதத்துக்குள் உறுப்பினர் ஆக வேண்டும். அவர் மக்களிடமே வாக்குக் கேட்கத் தேர்ந்தெடுத்த ஊர் குடியாத்தம். அந்த ஆண்டே இடைத்தேர்தல் நடந்தது, வென்றார். உன் தாத்தா அந்தப் பிரசாரத்தைப் பார்த்திருந்தால் உட்கார வைத்துக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வை. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.