பூந்திக்கொட்டைக் கரைசல் நாலே நாளில் புளிக்கிறதே?

அந்தியூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: மலையிலிருந்து வரும் பூந்திக்கொட்டையை முழுசாகக் கொதிக்கவைத்து, வடிகட்டி, துணி துவைக்கும் திரவமாக விற்கிறோம். நாலு நாளில் புளித்து, பாட்டில் உப்பிவிடுகிறது. அல்ட்ராசோனிக் மெஷின் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு வியாபாரி. வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாங்க. உங்கள் சிக்கல் வேறு, அந்த மெஷின் செய்யும் வேலை வேறு.

நுரை தருகிற சபோனின் இருப்பது தோலில். எடையில் கிட்டத்தட்ட பாதியாக இருக்கும் கறுப்பு விதை, அண்டாவை அடைத்துக்கொள்வதோடு சரி. முதலில் அதை எடுத்துவிடுங்கள். தோலைக் காயவைத்து, ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக உடையுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டும்போது துணி அடைத்துக்கொள்ளும். ஒரு கிலோவுக்குப் பத்து லிட்டர் தண்ணீர், 50 டிகிரி சூடு, இரண்டு மூன்று மணி நேரம் கிளறல். கொதிக்க வேண்டியதே இல்லை. கொதித்தால் பசையும் நிறமும்தான் கூட இறங்கும்.

அல்ட்ராசோனிக் என்ன செய்கிறது? காதுக்குக் கேட்காத அதிர்வு தண்ணீரில் நுண்குமிழிகளை உண்டாக்கி வெடிக்க வைக்கிறது. அந்த அடியில் தோலின் செல்சுவர் உடைகிறது. நேரமும் விறகும் மிச்சம். ஆனால் சபோனினோடு சர்க்கரையும்தான் வெளியே வருகிறது. புளிப்பது அந்தச் சர்க்கரை.

அதைப் பிரிக்க அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வு, அதாவது மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டி, இருக்கிறது. சபோனின் மூலக்கூறுகள் கூட்டமாகச் சேர்ந்து பெரிதாவதால் சவ்வில் தங்கிவிடும். சர்க்கரை தண்ணீரோடு கடந்து போய்விடும். தண்ணீருக்குப் பதில் எரிசாராயத்தில் சாறு இறக்கினாலும் சர்க்கரை குறையும்தான். ஆனால் லைசென்ஸ், தீப்பிடிக்கும் ஆபத்து என்று தலைவலி. வீட்டுத் தொழிலுக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சவ்வு வாங்கவும் பணம் இல்லையென்றால், வடித்த அன்றே ஸ்பிரே டிரையர் (சாற்றைச் சூடான காற்றில் தூவி உலர்த்தும் மெஷின்) வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுத்துப் பொடியாக்குங்கள். மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் பொடியைக் கலக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பொடி டிரையரின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் படாமல் வைத்தால் பொடி புளிக்காது. அண்டாவில் சுண்டக் காய்ச்சிப் பார்க்க ஆசை வரும். நுரை பொங்கி வழிந்து பாதிச் சரக்கு அடுப்புக்குப் போகும்.

உங்களுக்கு ஒரு சாதகம்: நம்மூர் போர் தண்ணீரில் சோப்பு திரிதிரியாகத் திரியும், சபோனின் திரியாது. விற்கும்போது அதைச் சொல்லுங்கள். கழுவிய தண்ணீரைக் குட்டையில் மட்டும் விடாதீர்கள். மீன் செத்து மிதக்கும்.

அப்புறமும் மெஷின் மேல் ஆசை இருந்தால், உங்கள் தோலையே கொடுத்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். மெஷினில் எடுத்த சாறு, நீங்கள் வெந்நீரில் எடுத்த சாறு இரண்டையும் ஒரே அளவு தண்ணீர் விட்டு நீர்க்க வைத்து, பாட்டிலில் குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்து நுரையின் உயரத்தை ஸ்கேலில் அளந்து பாருங்கள்.