ஓவியராக இருந்த தாத்தா விட்டுச்சென்ற கடிதங்கள், டைரிகள், பில் புத்தகங்களை என்ன செய்வது?

படங்களை உறவினர்கள் பிரித்துக்கொண்டார்கள், காகிதங்கள் மட்டும் பரணில் கிடக்கின்றன, வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய பேப்பர் கடைக்காரரை இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள். என் பெரியப்பாவும் ஓவியர்தான். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, வாரப் பத்திரிகைகளுக்குப் படம் போட்டு, நடுநடுவே கண்காட்சியும் வைத்தவர். அவர் போன பிறகு அந்தக் காகிதங்களையெல்லாம் நானும் பெரியம்மாவும்தான் உட்கார்ந்து ஒழுங்கு செய்தோம்.

வீட்டில் எல்லோரும் முதலில் தேடுவது பெரிய மனிதர்கள் எழுதிய கடிதத்தை. நானாக இருந்தால் கணக்கு நோட்டைத்தான் முதலில் பத்திரப்படுத்துவேன். பெரியப்பா, ஜவுளிக்கடையில் சும்மா கொடுத்த டைரியில்தான் கணக்கு எழுதுவார். ஒரு பக்கத்தில் மேலே பால் பாக்கி, சீட்டுப் பணம். அதற்குக் கீழே: ‘தெப்பம், 24 x 36, ஆயில், ஆழ்வார்பேட்டை டாக்டர், அட்வான்ஸ் 200, மீதி பொங்கலுக்கு அப்புறம்.’ ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பேனாவால் ஒரு கோபுரம், தண்ணீர், தெப்பம். அந்தப் படம் இன்று யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ. நாளைக்கே அது ஏலத்துக்கு வந்தால் அளவு, எதில் வரைந்தது, யார் வாங்கியது, எந்த மாதம் என்று எல்லாவற்றையும் அந்த ஒரு பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். போலி ஓவியம் செய்கிறவனுக்குக் கையெழுத்தைக் காப்பியடிப்பது பெரிய காரியமே இல்லை. பால் கணக்குக்கு நடுவே இப்படி ஒரு வரியை அவன் எங்கே போய்ச் சேர்ப்பான்?

இதனால்தான் சொந்தக் காகிதம், தொழில் காகிதம் என்று பிரிக்க உட்காராதீர்கள் என்கிறேன். எது எதோடு கிடந்ததோ அதுவே ஒரு தகவல். கட்டை அவிழ்க்கும் முன் அப்படியே போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, பென்சிலால் மட்டும் மூலையில் எழுதுங்கள். பேனா வேண்டவே வேண்டாம்.

தாத்தா பத்திரிகைக்கு வரைந்தவர் என்றால் வெட்டி ஒட்டிய பக்கங்களைக் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் படம் பிளாக் எடுக்க, அதாவது அச்சடிக்கும் உலோக அச்சு செய்ய, அச்சகத்துக்குப் போகும். பல நேரம் திரும்பி வராது. கேட்டு வாங்கும் பழக்கமும் அதிகம் இல்லை. அச்சான பக்கம்தான் மிச்சம்.

கண்காட்சி அழைப்பிதழும் விலைப்பட்டியலும் அதே மாதிரிதான். 1944இல் தொடங்கிய முற்போக்கு ஓவியர் சங்கம், 1957 முதல் 1967 வரை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று சென்னை ஓவிய வரலாற்றைச் சொல்லிவிடலாம். அதே ஊரில் டிராயிங் மாஸ்டராகவும் பத்திரிகை ஓவியராகவும் இருந்துகொண்டே வரைந்தவர்கள் எத்தனையோ பேர். பலர் புத்தகங்களில் இல்லை, இந்த அட்டைகளில் இருக்கிறார்கள். தாத்தா அவ்வளவு பிரபலமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இன்னும் கவனமாக வைக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னைப் புழுக்கத்தில் காகிதத்துக்கு எதிரி ஈரமும் கரையானும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாம் துருப்பிடித்துக் காகிதத்தை அரிக்கும், மெதுவாகக் கழற்றுங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது, அப்புறம் அதைப் பிரிக்கவே முடியாது. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி ஸ்டீல் பீரோவில் வையுங்கள். ஏற்கெனவே பூஞ்சை பிடித்திருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

யாரிடம் கொடுப்பது? அச்சான பத்திரிகை, புத்தகம், துண்டுப் பிரசுரம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அந்த நூலகத்துக்குப் பெயர் தந்த கோட்டையூர் முத்தையாவே விளம்பரப் பலகை எழுதியவர். அவர் வீட்டில் சேர்த்து வைத்த காகிதங்களை 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, அவை 1994இல் சென்னையில் நூலகமாயின. கையெழுத்துக் காகிதம், ஸ்கெட்ச் நோட்டு எடுப்பார்களா என்பதை நேரில் கேளுங்கள். கேட்கப் போகும்போது பட்டியலைக் கையில் எடுத்துப் போங்கள். பட்டியலே இல்லாமல் ‘நாலு பெட்டி இருக்கு சார்’ என்றால் எந்த நிறுவனமும் தயங்கும்.

சட்டத்தில் ஒன்றிரண்டு. காகிதத்தைக் கொடுத்தால் பதிப்புரிமையும் கூடவே போய்விடாது, அதைத் தனியாக எழுதிக் கொடுத்தால்தான் போகும். ஓவியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை உண்டு. ஆனால் தாத்தாவுக்கு வந்த கடிதங்களின் பதிப்புரிமை எழுதியவர்களுடையது. காகிதம் உங்களுடையது என்பதற்காக அதை அச்சில் போட முடியாது. குடும்ப விஷயமுள்ள கடிதங்களைக் கிழிக்க வேண்டாம். உறையில் போட்டு ஒட்டி, இன்ன ஆண்டு வரை திறக்கக் கூடாது என்று மேலே எழுதி, அந்த நிபந்தனையோடு கொடுக்கலாம். பெரியம்மா முதலில் எரிக்கத்தான் சொன்னார், இதைக் கேட்டதும் சரி என்றார்.

படங்களை வாங்கிப்போன உறவினர்களிடம் இப்போதே ஓர் உதவி கேளுங்கள். ஒவ்வொரு படத்தின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேன்வாஸின் பின்னால் இருக்கும் சீட்டு, விலை, தலைப்பு எல்லாம் பில் புத்தகத்தோடு பொருந்தும். மறுபடி பிரேம் போடக் கொடுத்தால் கடைக்காரர் முதலில் கிழித்துப் போடுவது அந்தச் சீட்டைத்தான்.