சிறுவர் இல்லத்தில் வளரும் பிள்ளைகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

சிறுவர் இல்லங்களைப் பற்றிக் கேட்க விரும்புவதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கொழும்பில் இல்லங்களுக்குள் நெடுங்காலம் சமூகப் பணியாளராக இருந்தவள் என்ற முறையில் பதில் தருகிறேன். பிள்ளைகளையும் இல்லங்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைக் கேள்விகளிலிருந்து நீக்கிவிட்டேன்.

கிராண்ட்பாஸிலிருந்து ஒரு தாய்: அக்கா, கணவர் எங்களை விட்டுப் போய்விட்டார். குவைத்தில் வீட்டு வேலை கிடைத்திருக்கிறது. பத்து வயது மகனையும் ஆறு வயது மகளையும் ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டால் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்று ஏஜென்சிக்காரர் சொல்கிறார். சேர்க்கலாமா?

தங்கச்சி, அவசரப்படாதீர்கள். இலங்கையில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிருடன்தான் இருக்கிறார். வறுமை, வெளிநாட்டு வேலை, மறுமணம் என்று காரணங்கள் பல. ‘இரண்டு வருடத்துக்கு மட்டும்’ என்று விடப்பட்ட பிள்ளை பதினெட்டு வயது வரை அங்கேயே இருந்துவிடுவதும் நடக்கிறது. இன்னொன்றையும் யோசியுங்கள்: பெரும்பாலான இல்லங்கள் ஆண் பிள்ளைகளுக்கு வேறாகவும் பெண் பிள்ளைகளுக்கு வேறாகவும் இருக்கின்றன. அண்ணனும் தங்கையும் உங்களைப் பிரிவதோடு ஒருவரையொருவரும் பிரிய வேண்டி வரும்.

முதலில் உங்கள் அம்மாவிடமும் சகோதரிகளிடமும் வெட்கப்படாமல் பேசுங்கள். பிறகு பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு உட்பட எந்த உதவிக்கு நீங்கள் தகுதி பெறுவீர்கள் என்று கேளுங்கள். பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையைப் பொருத்தமான உறவினரிடமே ஒப்படைக்க 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தில் நீதவானுக்கு வழி இருக்கிறது. எல்லா வழியும் அடைபட்டால், பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் அரச அலுவலரான நன்னடத்தை உத்தியோகத்தர் மூலமாக மட்டும் சேர்த்துவிடுங்கள். ஏஜென்சிக்காரர் கைகாட்டும் இடத்தில் வேண்டாம். சேர்க்குமுன் இல்லத்தாரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பிள்ளைகள் என்னோடு தனியாகத் தொலைபேசியில் பேச முடியுமா? இரவில் அவர்களுக்கு அருகில் யார் படுக்கிறார்? எப்போது, யார் இவர்களை வீட்டுக்கு அனுப்புவது பற்றி மீளாய்வு செய்வார்? முகம் சுளிக்கிற இடத்தில் பிள்ளைகளை விடாதீர்கள்.

வெள்ளவத்தையிலிருந்து பல்கலைக்கழக மாணவி: ஓர் இல்லத்தில் சனிக்கிழமைகளில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளை, ‘யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள், ஒன்று சொல்கிறேன்’ என்கிறாள். சத்தியம் செய்யலாமா?

செய்யாதீர்கள். அதை அவளிடம் அன்பாகச் சொல்லுங்கள்: ‘நீ சொல்வதை முழுக்கக் கேட்பேன். உனக்கு யாராவது தீங்கு செய்தால், அதை நிறுத்தக்கூடியவரிடம் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடம் சொல்கிறேன் என்பதை உனக்கு முதலில் சொல்வேன்.’ பல பிள்ளைகள் இதைக் கேட்ட பிறகும் பேசுவார்கள். சிலர் பின்வாங்குவார்கள்; அடுத்த சனிக்கிழமையும் போய் அதே இடத்தில் உட்காருங்கள்.

அவள் பேசத் தொடங்கினால் குறுக்கே கேள்வி கேட்காதீர்கள். ‘அவர் தொட்டாரா?’ போன்ற கேள்வி, விடையை நீங்களே பிள்ளையின் வாயில் போடுவதாகிவிடும். பின்னர் நீதிமன்றத்தில் அது அவளுக்கே பாதகமாகும். ‘பிறகு என்ன நடந்தது?’ என்பதற்கு மேல் போக வேண்டாம். அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். சொன்னதற்காக அவளைப் பாராட்டி, தப்பு அவளுடையதல்ல என்று ஒரு முறையேனும் சொல்லுங்கள். வெளியே வந்தவுடன் அவள் பயன்படுத்திய சொற்களை அப்படியே, தேதியும் நேரமும் இட்டு எழுதிவையுங்கள்.

அடுத்தது 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இந்த இலவச எண் 24 மணி நேரமும் மூன்று மொழிகளிலும் இயங்குகிறது. சிங்களத்தில் விளக்கத் தடுமாறுவோம் என்று பலர் அழைக்காமல் விடுகிறார்கள்; தமிழிலேயே பேசுங்கள். உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் 119. இல்லத்தின் பொறுப்பாளருக்கு முதலில் அறிவிப்பதுதான் மரியாதை என்று உங்களிடம் சொல்வார்கள். குற்றம் இல்லத்துக்குள் நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள். ‘உள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்ற வார்த்தைக்குப் பின்னால் எத்தனையோ பிள்ளைகள் வருடக்கணக்கில் வாய்மூடி இருந்திருக்கிறார்கள். வெளியாள் ஒருவர் வாரந்தோறும் வருவதுதான் அந்தப் பிள்ளைக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு. இப்போது அந்த ஆள் நீங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மேற்றன்: எங்கள் இல்லத்தில் ஒன்பது வயதுப் பையன் மூன்று மாதமாகப் படுக்கையை நனைக்கிறான். முன்பு அப்படி இல்லை. மற்றவர்கள் முன்னால் அவனையே துணியைத் துவைக்கச் செய்தால் திருந்துவான் என்கிறார் மூத்த ஊழியர்.

அந்தத் தண்டனையை இன்றே நிறுத்துங்கள். ஏழு வயதிலும் நூறில் ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு இரவில் சிறுநீர் போவது உண்டு. உறக்கத்தில் தன்னையறியாமல் நிகழ்வதற்குப் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நீண்ட காலம் உலர்ந்திருந்த பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கினால் அதற்குக் காரணம் இருக்கும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீரிழிவு என்று உடல் காரணங்களை முதலில் பார்க்க வேண்டும். பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கு ஒன்றும் தெரியவில்லை என்றால், மூன்று மாதங்களுக்கு முன் என்ன மாறியது என்று இல்லத்தின் பதிவுக் கொப்பியைப் புரட்டுங்கள். பார்க்க வந்துகொண்டிருந்த அம்மா நின்றுவிட்டாரா? படுக்கையறை மாற்றப்பட்டதா? புதிய ஊழியரோ பெரிய பையனோ வந்தார்களா? மலசலகூடத்துக்குப் போகும் வழி இருட்டா? கடைசிக் கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். இருட்டு நடையில் யார் நிற்பார்கள் என்று அஞ்சிப் படுக்கையிலேயே போகும் பிள்ளைகளை அறிவேன்.

மெத்தைக்குக் கீழ் பிளாஸ்டிக் விரிப்பு, கைக்கெட்டும் இடத்தில் மாற்றுத் துணி, விடிகிறவரை எரியும் ஒரு மின்குமிழ். பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். மூத்த ஊழியருக்கு ஒன்று சொல்லுங்கள்: தன் பொறுப்பிலுள்ள பிள்ளையை வேண்டுமென்றே துன்புறுத்துவது, 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தகப்பன்: மகளின் பிறந்தநாளை ஓர் இல்லத்தில் கொண்டாடலாம் என்று நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போடலாமா?

படம் வேண்டாம். சில பிள்ளைகள் நீதிமன்ற வழக்கில் சாட்சிகள். சிலரைத் தேடிக்கொண்டிருப்பவரிடமிருந்தே அவர்களை மறைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு படம் போதும், இடம் தெரிந்துவிடும். அந்த ஆபத்து இல்லாவிட்டாலும், யாரோ ஒருவரின் மகளுக்கு முன்னால் வரிசையில் நின்று பிறந்தநாள் பாட்டுப் பாடும் பிள்ளைக்குத் தன் பிறந்தநாள் எப்போது என்று தெரியாமல் இருக்கலாம். பிரியாணிக்கு ஆகும் பணத்தை எதற்குத் தரலாம் என்று இல்லத்தாரிடம் கேட்டுப் பாருங்கள்: பெரும்பாலும் இல்லத்துக்குத் தேவை கண் பரிசோதனை, மூக்குக்கண்ணாடி, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் அணையாடை, சாதாரண தரப் பரீட்சைக்கு ரியூஷன் காசு. உங்கள் மனம் நல்லது. அதனால்தான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

தெஹிவளையிலிருந்து: கனடாவில் இருக்கும் அண்ணா, அம்மாவின் நினைவாகக் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லம் கட்ட விரும்புகிறார். காணியும் இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சட்டப்படி மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தில் பதிவு செய்யாமல் இல்லம் நடத்த முடியாது. ஆனால் என் மறுப்புக்குக் காரணம் அது இல்லை.

ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டளவில் ஓர் ஆய்வு தொடங்கியது. இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைச் சீட்டுப் போட்டுத் தெரிவது போலத் தெரிந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மற்றவர்கள் வழமையான பராமரிப்பில் தொடர்ந்தார்கள். குடும்பங்களுக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும், பிறரோடு ஒட்டிக்கொள்ளும் தன்மையும் மேம்பட்டன. இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் பொதுவாக இன்னும் கூடுதலாகத் தேறினார்கள். பச்சைக் குழந்தைக்கு வேண்டியது அழுதால் ஒவ்வொரு முறையும் வந்து தூக்குகிற அதே கை. எட்டு மணி நேரத்துக்கொரு முறை ஆள் மாறும் கட்டடத்தில் அதைக் கொடுப்பது மிகக் கடினம், ஊழியர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும்.

கட்டடம் எழுந்துவிட்டால் அதை நிரப்பப் பிள்ளைகள் தேடப்படுவார்கள். மேலே எழுதிய கிராண்ட்பாஸ் தாயின் கதவை யாராவது தட்டுவார்கள். அண்ணாவிடம் சொல்லுங்கள்: அந்தப் பணத்தில் அந்தத் தாயைப் போன்றவர்களுக்கு வீட்டு வாடகை, பகல்நேரப் பராமரிப்பு, பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு மாதப்படி என்று கொடுத்தால் எத்தனையோ பிள்ளைகள் இல்லத்துக்கே வரமாட்டார்கள். அம்மாவின் பெயரை அதற்கு வைக்கலாம்.

மட்டக்குளியிலிருந்து நிர்வாகக் குழு உறுப்பினர்: பாதுகாப்புக்குக் கேமரா பொருத்தினால் போதுமா?

வாசலிலும் நடைவழியிலும் பொருத்துங்கள். படுக்கையறையிலும் குளியலறையிலும் கூடாது. கேமரா நடந்ததைக் காட்டும், இரவில் இரண்டாவது ஊழியர் இருந்தால் நடக்காமலே தடுக்கலாம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஊழியரை எடுங்கள்.

பெயர் குறிப்பிடாத இளைஞர்: மிஸ், எனக்கு இன்னும் ஐந்து மாதத்தில் பதினெட்டு. இல்லத்தை விட்டுப் போக வேண்டும். எங்கே போவது என்று தெரியவில்லை.

தம்பி, ஐந்து மாதம் ஏற்பாடுகள் செய்யப் போதுமான காலம். நாளைக்கே நன்னடத்தை உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும் என்று இல்லத்தில் எழுத்தில் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் மூலப்பிரதிகள் உங்கள் கைக்கு வர வேண்டும்; அலுமாரியில் பூட்டி வைத்திருப்பது அவர்களுடைய சொத்து ஆகாது. உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, நன்கொடையாளர் யாராவது பணம் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் பாடநெறிகளைப் பாருங்கள்; சேருமுன் தங்குமிடம் உண்டா என்று விசாரியுங்கள். உங்களுக்கு முன் வெளியேறிய அண்ணாமாரில் இரண்டு பேரின் எண்ணை வாங்கி வையுங்கள். வெள்ளவத்தையில் கடையில் நிற்பவரோ, அறை வாடகைக்கு எடுத்திருப்பவரோ யாராவது இருப்பார்கள். சிறுவயதில் பிரிந்த உறவினரைத் தேட விருப்பமா என்பதையும் உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், உங்கள் கோப்பில் முகவரி இருக்கலாம். என்ன நடந்தது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள். பதில் வராவிட்டால் அடுத்து எந்த அலுவலகத்துக்குக் கடிதம் போடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.